எம்ஜிபி பிரேக் கோளாறு: பாகம் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

இங்கிலாந்தில் பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, ஒரு நாள் பெடல் ஆழமாகப் போகிறது, இன்னொரு நாள் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, அடுத்த வாரம் சக்கரம் சூடாகிக் கருகல் வாடை வருகிறது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது எழுபதுகளின் ஜிடி (நிலையான கூரை உள்ள வகை), சிங்கிள் சர்க்யூட் பிரேக் (நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை), எஞ்சின் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் சர்வோ (எஞ்சின் வெற்றிடத்தால் மிதிக்குப் பலம் கூட்டும் பாகம்). பிரேக் பிடித்தபின் விடாமல் இறுகிக்கொண்டபோது ஒரு கராஜில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) என்றார்கள், மாற்றினார்கள். சரியாகவில்லை. அப்புறம் சர்வோ என்றார்கள், அதற்கும் பில் வந்தது. கடைசியில் கோளாறு இருந்தது பின் ஆக்சிலுக்குப் போகும் ஒரே ஒரு ரப்பர் ஹோஸில்.

எம்ஜிபியின் பிரேக் பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, பெரும்பாலானவை மலிவு. பணம் போவது பாகத்தில் அல்ல, ஊகித்து ஊகித்து ஒவ்வொன்றாக மாற்றுவதில். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நடுவே மூன்று ரப்பர் ஹோஸ், ஒரு மாஸ்டர் சிலிண்டர், சில கார்களில் சர்வோ. இவ்வளவுதான் மொத்தமும். வரிசையாகப் போனால் ஒரு சனி ஞாயிறில் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயம் முதலிலேயே. பெடல் தரை வரை போகிறது, அல்லது பிரேக் ஆயில் மட்டம் கண்ணெதிரே இறங்குகிறது என்றால் காரை வீதியில் எடுக்கவே வேண்டாம், கராஜ் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சரி. சிங்கிள் சர்க்யூட் காரில் எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்.

1. காகிதங்களை எடுத்து வையுங்கள்

பிரேக் வேலைக்குக் காகிதம் எதற்கு என்று தோன்றும். வி5சி பதிவுப் புத்தகத்தில் உள்ள தேதியையும் சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், பாகம் வாங்கும்போது கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்தது. இடையில் மாஸ்டர் சிலிண்டர், சர்வோ, பிரேக் லைட் சுவிட்ச் எல்லாம் மாறின. பிரிட்டனில் விற்ற கார்களில் கடைசிக் காலத்தவை டூயல் சர்க்யூட் (இரண்டு தனித்தனி ஆயில் பாதை), அதற்கு முந்தையவை சிங்கிள். ஆனால் முந்தைய உரிமையாளர் எதை மாட்டியிருப்பார் என்று வி5சி சொல்லாது, அதனால் பானெட்டைத் திறந்து போட்டோ எடுத்துக்கொண்டு, அதைக் காட்டி வாங்குங்கள்.

அடுத்தது எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) வரலாறு. அரசின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் 2005-இலிருந்து நடந்த சோதனைகள் இலவசமாக வரும். அங்கே "பின் பிரேக் ஒரு பக்கம் பலவீனம்", "ஹோஸில் வெடிப்பு" என்பதுபோல் குறிப்புகள் வருடாவருடம் திரும்பத் திரும்ப வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி கட்டாயம் இல்லை, அதனால் எம்ஜிபி எல்லாமே இப்போது விலக்கில் வந்துவிடும். வாகன வரியும் இல்லை, ஆனால் வருடாவருடம் வரிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், எம்ஓடி விலக்கு கேட்பதாக அப்போது அறிவிக்க வேண்டும். தபால் நிலையத்தில் செய்தால் அதற்கு வி112 படிவம். விலக்கு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கார் பாதுகாப்பாக ஓடும் நிலையில் இல்லாமல் ஓட்டினால் பொறுப்பு உங்களுடையதுதான். அதோடு எம்ஓடி நிலையத்தின் ரோலர் பிரேக் சோதனையைப்போல் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் மலிவான வழி வேறில்லை. காருக்கு எம்ஓடி அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, பல இடங்களில் அதற்கும் குறைவாகவே வாங்குகிறார்கள். முன்பதிவு செய்யும்போதே, "ரோலர் அளவுகளின் அச்சுப் பிரதி வேண்டும்" என்று கேட்டுவிடுங்கள். சக்கரம் சக்கரமாக எவ்வளவு பிடிக்கிறது என்று எண் வரும். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் மறுபக்கத்தின் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல்வி. 1968 முதல் பதிவான இந்தக் கார்களுக்குக் கால் பிரேக்கின் பிடிப்பு காரின் எடையில் 50 சதவீதம் தேற வேண்டும், ஹேண்ட் பிரேக் சிங்கிள் சர்க்யூட்டில் 25, டூயல் சர்க்யூட்டில் 16. ஒரு எச்சரிக்கை: தானாக முன்வந்து எடுத்த சோதனையாக இருந்தாலும், 'அபாயகரமானது' என்று குறித்துவிட்டால் சரிசெய்யாமல் அங்கிருந்து ஓட்டி வர முடியாது. பெடல் ஓரளவு நன்றாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

2. கருவிகளும் செலவும்

ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டு நான்கு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். பைப் நட்டுகள் அங்குல அளவு, அதனால் மெட்ரிக் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் திறந்த வளைய ஸ்பேனர் ஒன்று, 7/16 அங்குலம், தனியாக வாங்குங்கள். பின் பிரேக் அட்ஜஸ்டருக்குச் சதுர ஓட்டை உள்ள ஸ்பேனர், ஹோஸ் கிளாம்ப் மூன்று, தூரத்திலிருந்து சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று. எல்லாம் சேர்த்து 100 பவுண்டுக்குள் முடிக்கலாம், ஸ்டாண்டு ஏற்கெனவே இருந்தால் இன்னும் குறையும்.

பாகங்களின் விலை கடைக்குக் கடை மாறும். தோராயமாக ரப்பர் ஹோஸ் ஒன்று 10 பவுண்டு, பின் வீல் சிலிண்டர் 10 முதல் 20, மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பரும் (டிஸ்க்கைப் பேடால் கவ்வும் பாகம்) அதைப்போல் பல மடங்கு, சர்வோ எல்லாவற்றையும்விட அதிகம். மலிவானதிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டு வாங்குங்கள் என்கிறேன்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை வந்தது 1999-இல்தான், உங்கள் காரின் ஷூ (டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் பாகம்) அதற்கு முந்தையதாகவும் இருக்கலாம். முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனர் அடித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

3. முதலில் காலால் பாருங்கள்

எஞ்சின் அணைந்திருக்கட்டும். பெடலை மெதுவாக அழுத்துங்கள், அப்புறம் இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்துப் பாருங்கள்.

முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நிற்கிறதா? ஏர் இல்லை. பின் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது, அல்லது முன் சக்கர பேரிங் ஆடி டிஸ்க் பேடைப் பின்னால் தள்ளிவிடுகிறது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள், இப்போது பெடல் மேலேயே நின்றால் பின் ஷூதான். பத்து விநாடி வேலை, ஆனால் இதைச் செய்யாமல் மாஸ்டர் சிலிண்டர் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

மெத்தென்று, அழுத்த அழுத்த உள்ளே போகிறதா? ஏர் பிடித்திருக்கிறது, அல்லது பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புகிறது. ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸை விரலால் பிடித்துப் பாருங்கள், உப்புவது கைக்குத் தெரியும்.

கெட்டியாக நின்று, அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறதா? வெளியே கசிவு ஏதும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்கிறது.

பெடல் கல்லைப்போல் இருக்கிறது, கார் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறதா? சர்வோ, அல்லது எண்ணெய் பட்ட லைனிங், அல்லது சிக்கிக்கொண்ட காலிப்பர் பிஸ்டன்.

ஓடும்போது மிதித்தால் காலில் துடிக்கிறதா? டிஸ்க் கோணலாகியிருக்கலாம், டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். ஆளில்லாத இடத்தில் மெதுவாகப் போய், ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கொஞ்சமாக இழுங்கள். துடிப்பு வந்தால் பின் டிரம்.

4. ஒழுகலைத் தேடுங்கள்

மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து பாருங்கள். நல்ல பிரேக் ஆயில் வெளிர் மஞ்சளாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். டிகாஷன் நிறத்தில் இருந்தால் எத்தனை வருடம் ஆயிற்றோ தெரியாது, எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 கொதிப்பதற்குக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155. மலைச்சாலையில் இறங்கும்போது பெடல் திடீரென்று மெத்தாகிவிடுவது அதனால்தான்.

அப்புறம் உள்ளே குனிந்து, டார்ச் அடித்து, பிரேக் பெடலின் மேல்பக்கத்தைப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்தால் ஆயில் பெடல் வழியாகவே வழியும், வெளியில் ஒன்றும் தெரியாது. பெடலின் பெயிண்ட் குமிழி விட்டு உரிந்திருக்கும், தரைவிரிப்பு ஒரு திட்டாகப் பிசுபிசுக்கும். ஆனால் பக்கத்திலேயே கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரும் இருக்கிறது, எந்தப் பெடலில் ஈரம் என்பதைக் கவனியுங்கள்.

பல சிங்கிள் சர்க்யூட் கார்களில் பிரேக் லைட் சுவிட்ச் ஆயில் பைப்பிலேயே திருகியிருக்கும். அதுவும் கசியும், கசியாவிட்டாலும் கெட்டுப்போகும். இரவில் சுவரை ஒட்டிப் பின்னால் நிறுத்தி மிதித்தால் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

5. ஹோஸ் கிளாம்ப் சோதனை

எல்லாவற்றிலும் பயனுள்ளது இதுதான். மூன்று ரப்பர் ஹோஸையும் கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். கல்லைப்போல், மேலேயே நின்றால் மாஸ்டர் சிலிண்டரும் பைப்புகளும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அப்போதும் மெத்தென்று இருந்தாலோ இறங்கினாலோ கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், அல்லது சர்வோ இருந்தால் அதில், இல்லாவிட்டால் அங்கே ஏர் இருக்கிறது. கெட்டியாக நின்றதென்றால் கிளாம்பை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து மிதியுங்கள். எதை எடுத்ததும் பெடல் இறங்குகிறதோ, அந்தச் சக்கரத்தில் வேலை. பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஹோஸ் என்பதை மறக்க வேண்டாம்.

எச்சரிக்கை: கிளாம்புக்குப் பதில் பிளையரையோ பூட்டுக் குறடையோ போடாதீர்கள், ஹோஸ் உள்ளே கிழிந்துவிடும். வெடித்துப்போன ஹோஸைக் கிளாம்ப் போடுவதைவிட மாற்றுவதே மேல். மேலே ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ் மாட்டியிருந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.

6. விடாமல் பிடிக்கும் பிரேக்

கொஞ்ச தூரம், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, தெர்மாமீட்டரால் நான்கு சக்கரத்தையும் பாருங்கள். முன் இரண்டும் தமக்குள் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும், பின் இரண்டும் அப்படியே.

நான்கும் இறுகினால் மூலம் மேலே இருக்கிறது. பெடல் முழுதாகத் திரும்பி வருகிறதா, பெடலின் ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே சிறிது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளி இல்லையென்றால் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும், சூடாகி விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் ஓட ஓட இறுகும். பெடலோடு சேர்ந்த சுவிட்ச் உள்ள பிந்தைய கார்களில், அந்தச் சுவிட்சை அதிகமாகத் திருகி வைத்திருந்தாலே இது நடக்கும். சுவிட்சைக் கொஞ்சம் பின்னால் திருப்பினால் தீர்ந்தது, செலவு பூஜ்யம். என் கராஜில் இதைக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு சக்கரம் மட்டும், அல்லது பின் இரண்டு மட்டும் என்றால்: இறுகிய நிலையில் காரைத் தூக்கி, ஏர் எடுக்கும் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது. ஆயில் வந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது, அல்லது பின்னால் ஹேண்ட் பிரேக் கேபிள். அழுத்தம் சிக்கியிருந்தால் அடுத்த முறை நிப்பிளை விட்டுவிட்டு, ஹோஸுக்கு முந்தைய பைப் நட்டைத் தளர்த்துங்கள். அப்போது சக்கரம் விட்டால் கோளாறு மேலே, விடாவிட்டால் ஹோஸ். எனக்கு அங்கேதான் பிடிபட்டது. கழற்றிய ஹோஸைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். வெளியே வழவழவென்று புதிதுபோல் இருந்தது. உள்ளே ரப்பர் உப்பி, துளை குண்டூசி நுழையும் அளவுக்கு ஒடுங்கிப்போயிருந்தது. காலால் மிதிக்கும் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வரத் தள்ள ஷூ ஸ்பிரிங்குக்கு அவ்வளவு பலம் கிடையாது. வயது தெரியாத ஹோஸ் என்றால் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், 30 பவுண்டு சுமார்.

ஹேண்ட் பிரேக் பக்கம் கேபிளைவிட, ஆக்சில் மேல் உள்ள சமன்செய்யும் லிவர்தான் அடிக்கடி சிக்கும். கிரீஸ் பார்த்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும்.

7. பின் டிரம்

ஒவ்வொரு பக்கமும் பின் தட்டில் சதுரத் தலை அட்ஜஸ்டர் ஒன்று இருக்கும். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை வலச்சுற்றாகத் திருப்பி, பெடலை ஒருமுறை பலமாக மிதித்து ஷூவை நடுப்படுத்தி, இன்னும் திரும்பினால் திருப்பி, பிறகு ஒன்றிரண்டு கிளிக் பின்னால் விடுங்கள். பல கார்களில் இதோடு கதை முடிந்துவிடும்.

டிரம்மைக் கழற்றி உள்ளே ஈரம் கண்டால், என்ன ஈரம் என்று பாருங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கினால் ஆயில் வடிந்தால் சிலிண்டர். கந்தக வாடையோடு கெட்டியாக இருந்தால் அது ஆக்சில் ஆயில், சக்கர சீல் போயிருக்கிறது. புது சீல் போட்டும் மறுபடி வருகிறது என்றால் ஆக்சில் மேலுள்ள காற்றுத் துளை அழுக்கால் அடைத்திருக்கும், சூடாகும்போது உள் அழுத்தம் ஆயிலை சீல் வழியே தள்ளும். கம்பி விட்டுச் சுத்தம் செய்தால் போதும். எண்ணெய் ஊறிய ஷூவைக் கழுவிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் புதிதாகவே போடுங்கள்.

வீல் சிலிண்டரைப் பின் தட்டில் பிடித்திருக்கும் கிளிப் பற்றி ஒரு வார்த்தை: பொறுமையைச் சோதிக்கும். அரை மணி நேர வேலை என்று நினைத்துத் தொடங்காமல் ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள்.

8. முன் பக்கம்

மிதித்தால் இடப்பக்கம் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் வலப்பக்கம்தான் பிடிக்கவில்லை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நன்றாக இருக்கும் காலிப்பரைக் கழற்றுவோர் உண்டு. பேடை எடுத்து இரண்டு பிஸ்டனும் ஒரே அளவு நகர்கிறதா என்று பாருங்கள். ஒன்றை உள்ளே தள்ளும்போது எதிர்ப்பக்கத்தது வெளியே துருத்தாமல் பிடித்துக்கொள்ளுங்கள், தொட்டியில் ஆயில் மட்டம் ஏறி வழியும் என்பதையும் நினைவில் வையுங்கள். வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் போய்விடும்.

9. சர்வோ

எஞ்சினை அணைத்துப் பெடலைப் பலமுறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்கினால் சர்வோ வேலை செய்கிறது. தனி சர்வோ உள்ள காரில், ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, எங்கும் கசிவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை என்றால் சர்வோவின் சீல் வழியே ஆயிலை எஞ்சின் குடிக்கிறது. வெற்றிடக் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள், உள்ளே ஈரமாக இருக்கும்.

10. ஏர் எடுப்பது

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். வலக்கை ஸ்டியரிங் என்றால் பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம். இரண்டு பேராக மிதித்துச் செய்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும், தரை வரை மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியும். ஏர் எடுக்கும் முன் நன்றாக இருந்த சிலிண்டர் ஏர் எடுத்தபின் போய்விட்டது என்று புலம்புவது இதனால்தான். ஸ்பேர் டயர் காற்றில் இயங்கும் கருவி வைத்திருந்தால் டயர் அழுத்தத்தை 20 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கி, ஆயில் ஊற்றாமல் வெறும் காற்றால் முதலில் மூடி கசிகிறதா என்று பாருங்கள்.

டாட் 4 போதும். டாட் 5 என்பது சிலிகான், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது, டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம். திறந்து பல மாதம் கிடந்த டப்பாவை ஊற்றாதீர்கள். எஞ்சின் ஆயில் ஒரு துளி கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பி, மொத்தத்தையும் பிரிக்க வேண்டி வரும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கவுன்சில் மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள்.

11. முடித்தபின்

எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருக்கச் சொல்லி ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த டிஷ்யூவால் தொட்டுப் பாருங்கள். முதல் ஓட்டம் நடக்கும் வேகத்தில், வீட்டு முன்னாலேயே. புது பேடும் ஷூவும் பழகச் சில நூறு மைல் ஆகும், அதுவரை பலமாக மிதிக்கும் நிலையைத் தவிருங்கள், அதன்பின் பின் அட்ஜஸ்டரை மறுபடி பாருங்கள். மறுநாள் காலையில் தரையில் ஈரமும் தொட்டியில் மட்டமும். ஒரு வாரம் கழித்து மறுபடியும்.

கராஜில் கொடுப்பதென்றால், "பிரேக் சரியில்லை" என்று சொல்லி விடாதீர்கள். பின் ஹோஸைக் கிளாம்ப் போட்டால் பெடல் நிற்கிறது, எடுத்தால் இறங்குகிறது என்று எழுதிக் கொடுங்கள், ரோலர் அளவுகளையும் சேர்த்து. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், அதையும் வேலை தொடங்கும் முன்னரே. பெரிய டிஸ்க், வேறு காலிப்பர் என்று எதையாவது மேம்படுத்தினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து எழுத்தில் பதில் வாங்கி, பில்களோடு வி5சி இருக்கும் கோப்பிலேயே போட்டு வையுங்கள்.